மங்கிய பொய் இறால்

அத்தியாயம் 9

போலீஸ் ஸ்டேஷனின் காகித அலமாரிக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்ட ஐவி டிரெலோர், மூன்று நிமிடமாகியும் வெளியே வரவில்லை.

சார்ஜென்ட் லிண்ட்னர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உள்ளே என்னதான் பண்றாங்க?"

"அழுதுட்டு வருவாங்க சார். மாசத்துக்கு ஒரு தடவை இந்த மாதிரி நல்ல அலமாரியாக் கெடைச்சா அழுதுடுவாங்க," என்றான் கோஸ்டா மாவ்ரிடிஸ்.

கோஸ்டா இருபது வருடம் மீன் வறுத்து விற்றவன். கடையை மூடிய மறுநாளே, துப்பறிவாளர் ஐவியிடம் உதவியாளனாகச் சேர்ந்துவிட்டான். இரண்டும் ஒரே தொழில்தான், மேல்மாவை உரித்தால்தான் உள்ளே என்ன மீன் என்று தெரியும் என்பது அவன் கட்சி.

அலமாரிக்குள் ஐவி இருட்டில் நின்றுகொண்டு தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில், போலீஸ் பையின் பிளாஸ்டிக்குக்குள், விரல் நீள மர இறால் ஒன்று. வாலில் பூப்போல விரிந்த ஊசி முட்கள். கணவாய் பிடிப்பதற்கான பொய் இறால். உள்ளே வருமுன் ஒரு நிமிடம் அதை டார்ச் வெளிச்சத்தில் காட்டியிருந்தாள். இருட்டில் ஒளிரும் நல்ல பெயிண்ட் என்றால் இப்போது பச்சைத் தணலாய் எரிய வேண்டும். இது காய்ச்சல்காரன் கண்போல மினுங்கிவிட்டு, பார்க்கப் பார்க்க உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அவளுக்கு இருட்டு பிடிக்கும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். மனமில்லாமல்தான் கதவைத் திறந்தாள்.

"மங்கல்," என்றாள்.

"அதனால?" என்றார் லிண்ட்னர்.

"தெரியல. மெர்வ் பாஸ்கோ செஞ்சது மங்காது."

போர்ட் காரோவில் அதை மறுக்க ஆள் இல்லை. கடற்பாலத்தில் நின்று கணவாய் பிடிக்கும் எவனும் மெர்வ் செய்த பொய் இறாலைத்தான் முதலில் கட்டுவான். நாற்பது வருடப் பெயர். அந்தப் பெயர்தான் இப்போது அவர் கழுத்தைச் சுற்றியிருந்தது. இரண்டு வாரத்துக்கு முன் ரெக் ஹாஸ்கிங்கின் உடல், தலையில் அடியோடு, பாலத்துக்குக் கீழே பாசிக் குவியலில் ஒதுங்கியது. அவன் படகு தனியாக மிதந்தது. அவன் ஜாக்கெட் பையில் இந்த இறால். ஆரஞ்சு வயிறு, பச்சை முதுகு. மெர்வ் இன்னும் யாருக்கும் காட்டாத, கடைக்கே வராத புது மாதிரி. அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் மதுக்கடையில் முப்பது பேர் நடுவே ரெக், "உன் இறாலெல்லாம் செத்துப்போச்சு மெர்வ்," என்று சிரித்திருந்தான். "உன்னைக் கடல்ல தள்ளிட்டுத்தான் நான் சாவேன்," என்று மெர்வ் கத்தியிருந்தார். அந்த முப்பது பேரும் சாட்சி சொல்லத் தயார்.

நேற்று அவரைப் பிடித்து அடைத்தார்கள். நாளைக் காலை அடிலெய்டு சிறைக்கு. எழுபத்தொரு வயதில் கொலைக் குற்றம். திரும்பி வரப்போவதில்லை என்று ஊரே பேசியது. அவர் மனைவி வால்டாதான் ஐவியை அழைத்திருந்தாள்.

"அவரு என்ன சொல்றாரு?"

"எங்க சொல்றாரு? திமிர்," என்றார் லிண்ட்னர். "ரெண்டு கையையும் ஜாக்கெட் பைக்குள்ள விட்டுக்கிட்டு நேத்துலேர்ந்து உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருக்காரு. டீ குடுத்தா தொடல. வாக்குமூலத்துல கையெழுத்துப் போடுங்கன்னா, பேனாவை எடுத்துட்டுப் போடாங்கறாரு. இறால் ரெக் கிட்ட எப்படிப் போச்சுன்னு கேட்டா, சுவத்தைப் பாக்கறாரு."

"கையை வெளியவே எடுக்கலையா?"

"குளிருது போல."

ஐவி போய்க் காரில் ஏறினாள். கார் தெரு முனை திரும்பியது. கோஸ்டா ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையிலிருந்த, இறைச்சி திணித்த பாஸ்டியைக் கடித்தான்.

"பாஸ், நீங்க பேசாம இருந்தா எனக்குப் பசிக்குது. இது ரெண்டாவது பாஸ்டி. சீக்கிரம் ஏதாவது சொல்லுங்க, சட்டை பட்டன் போயிடும்."

"இரைக்கடைக்குப் போ."

"பாருங்க, நான் பசின்னு சொன்னா மீனுக்குப் போடறதை வாங்கித் தர்றீங்க."

இரைக்கடை டாட் அறுபது வயதுக்காரி. கல்லாவுக்குப் பின்னால் ஹீட்டரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோஸ்டாவைப் பார்த்ததும், "வாய்யா, எண்ணெய்ச் சட்டி. எதைக் கருக்க வந்தே?" என்றாள்.

"உன் மனசைத்தான் டாட். ஆனா அது ஏற்கெனவே கருகியிருக்கு."

"மெர்வ் செஞ்சதுல பழசு ஏதாவது இருக்கா?" என்று ஐவி இடைமறித்தாள். "மூணு வருஷத்துக்கு முந்தினது?"

டாட் மேல்தட்டில் துழாவி, தூசி படிந்த அட்டையோடு ஒன்றை எடுத்தாள். கொக்கியில் தொங்கிய புதியதில் ஒன்றை ஐவியே எடுத்துக்கொண்டாள். இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் சற்று நேரம் வைத்துவிட்டு, மூவரும் இரை வைக்கும் குளிரறைக்குள் போய்க் கதவை மூடினார்கள்.

பழையது மூவர் முகத்தையும் பச்சையாக்கியது. கோஸ்டாவின் மீசையில் ஒட்டியிருந்த பாஸ்டித் துணுக்குகூடத் தெரிந்தது. புதியது அதன் பக்கத்தில் வெறும் நிழலாய்க் கிடந்தது.

"ஐயோ," என்றாள் டாட், மெதுவாக. "இப்படிப் பக்கத்துல வெச்சு நான் பார்த்ததே இல்லை."

வெளியே வந்து ஐவி பேனாக்கத்தியால் புதியதன் முதுகைச் சுரண்டினாள். அடியில் வெள்ளைப் பூச்சு இருந்தது. வெள்ளை இல்லாவிட்டால் ஒளியை மரம் குடித்துவிடும். அதற்கு மேல் மெல்லிய மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்தபின் போட்டது. அதற்கும் மேல் உப்புத் தண்ணீர் புகாத வார்னிஷ். ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒளிரும் பூச்சு மட்டும், பால் வெள்ளையாக இருக்க வேண்டியது, அடுப்புச் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"சாம்பல்," என்றாள் ஐவி.

"அது இரும்பு," என்று டாட் உடனே சொன்னாள். "இந்த ஒளிர்ற பொடி இருக்கே, அது எஃகை விடக் கெட்டி. ஸ்பூனோ ஸ்குரூ டிரைவரோ போட்டுக் கலக்கினா, அதைத் தேய்ச்சுத் தின்னுடும். அந்தத் தூளெல்லாம் பெயிண்ட்லதான் இருக்கும். அப்புறம் எங்க ஒளிர்றது? மரக் குச்சியாலதான் கலக்கணும். பொடி வாங்க வர்ற ஒவ்வொருத்தனுக்கும் இதைச் சொல்லித்தான் அனுப்புவேன்."

"உனக்கு யாரு சொன்னது?"

"மெர்வ்தான். இருபது வருஷம் இருக்கும். இதே இடத்துல நின்னு சொன்னாரு."

கோஸ்டா கல்லாவைத் தட்டினான். "முடிஞ்சுது பாஸ்! இது மெர்வ் செஞ்சதே இல்லை. எவனோ அவரு பேர்ல போலி பண்ணியிருக்கான். அவன்தான் ரெக் கூடப் படகுல போயிருக்கான். இரும்பு ஸ்பூன் வெச்சிருக்கிற ஆளைப் பிடிச்சா போதும். ஊர்ல என்ன, ஒரு எண்ணூறு பேரு இருப்பாங்க."

"போலியா?" டாட் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இதெல்லாம் வால்டா தன் கையால கொண்டுவந்து குடுத்தது. மாசாமாசம், பிஸ்கட் டப்பாவுல அடுக்கி."

"எத்தனை நாளா வால்டா கொண்டுவர்றாங்க?" என்று ஐவி கேட்டாள்.

"ரெண்டு வருஷமிருக்கும். முன்னாடி மெர்வே வருவாரு."

"பொடி வாங்கறது?"

"அதுவும் அவதான்."

"குச்சி விஷயத்தை அவங்களுக்குச் சொன்னியா?"

டாட் சிரித்தாள். "மெர்வ் பெண்டாட்டிக்கு நான் பாடம் எடுக்கறதா? நல்லா இருக்கே!"

தன் சிரிப்பு தன் காதிலேயே விழுந்ததுபோல, டாட் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஐவி வாசலுக்கு வந்து நின்றாள். தெற்கிலிருந்து வந்த காற்று பாசி நாற்றத்தை அள்ளிக்கொண்டு தெருவில் ஏறியது. டீ தொடாத கை. பேனா தொடாத கை. பைக்குள்ளேயே கிடக்கும் இரண்டு கைகள். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்ற இந்தச் செய்திகளை அவளால் இனிப் பிரித்துவைக்க முடியவில்லை. சில வழக்குகளில், விடை தெரியும் நேரத்தில் மனிதர்கள் மகிழ்வார்கள். அவளுக்கு அப்படிப்பட்ட வழக்குகள் வந்ததில்லை.

வால்டா பாஸ்கோ தன் வீட்டில் அவர்களுக்குத் தேநீரும் ரொட்டியும் வைத்தாள். மெலிந்த, சுத்தமான பெண். கணவனைப் பற்றிக் கேட்டால் மேசை விரிப்பை நீவிவிட்டுப் பதில் சொல்வாள். சமையலறை ஜன்னலுக்கு நேரே பின்கட்டில் மெர்வின் பட்டறை தெரிந்தது.

"எல்லாரையும் விசாரிச்சுட்டீங்களா?" என்றாள். "படகுத் துறையில யாராவது பார்த்திருப்பாங்க. யாராவது."

"விசாரிக்கிறோம். வெண்ணெய் தடவக் கத்தி ஒண்ணு கெடைக்குமா?"

"நான் எடுக்கிறேன்..."

"நீங்க உட்காருங்க."

ஐவி கரண்டிகள் வைத்திருந்த தட்டை இழுப்பறையிலிருந்து எடுத்தாள். தட்டை விளக்கடியில் ஒரு கணம் பிடித்தவள், அதைத் தூக்கிக்கொண்டு சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"இவங்க எப்பவும் இப்படித்தாங்க," என்று கோஸ்டா வால்டாவிடம் சொல்வது கேட்டது. "வெளிச்சத்துல சாப்பிட மாட்டாங்க."



இருட்டில் பதினெட்டுக் கரண்டிகளும் கத்திகளும் இருட்டாகவே கிடந்தன. ஒன்றைத் தவிர. ஒரு வெண்ணெய்க் கத்தியின் பிடியும் அலகும் சேரும் இடுக்கில், எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாத இடத்தில், மயிரிழைபோல் ஒரு பச்சைக் கோடு.

அவள் வெளியே வந்து அந்தக் கத்தியை மேசையில் வைத்தாள். முனை ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது.

 பட்டறையின் தகரக் கூரை காற்றில் அடித்துக்கொண்டது.

"பட்டறையில வெச்சா அவரு கண்ணுல படும்," என்றாள் வால்டா கடைசியில். "அதான் இங்கேயே கழுவி வெச்சுடுவேன்."

"எப்ப ஆரம்பிச்சீங்க?"

"கை நடுங்க ஆரம்பிச்சப்ப. ஒரு நாள் சாயங்காலம், பத்து இறாலுக்கு வெள்ளை அடிச்சு மாட்டிட்டு, அடுத்த பூச்சு போட முடியாம எழுந்து வந்துட்டாரு. தூங்கப் போயிட்டாரு. நான் போய்ப் போட்டேன். காலையில பார்த்தாரு. ஒண்ணும் சொல்லல. எடுத்து அட்டையில மாட்டினாரு. மறுநாளும் அப்படியே வெச்சுட்டு வந்தாரு."

"ரெண்டு வருஷமா?"

"ரெண்டு வருஷமா."

"ஒரு தடவைகூடப் பேசிக்கலையா?" கோஸ்டாவின் குரலில் கேலி இல்லை.

"என்னன்னு பேசறது? முப்பத்தெட்டு வருஷமா இந்த ஜன்னல் வழியாத்தான் அவரு வேலை செய்யறதைப் பார்த்திருக்கேன். பார்த்துத்தான் கத்துக்கிட்டேன். ஐஸ் குச்சியாலதான் கலக்குவாரு. கஞ்சத்தனம்னு நெனச்சேன். குச்சியால அடியில படிஞ்சது வரல. கத்தியால நல்லாச் சுரண்டி எடுக்க வந்தது."

பார்த்துக் கற்கக்கூடியவை எல்லாம் சரியாக இருந்தன, சொல்லித் தெரிய வேண்டியது ஒன்றைத் தவிர. இரைக்கடைக்காரிக்குச் சொல்லத் தோன்றியிருக்கிறது அவருக்கு. ஐவி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. காலையில் சாம்பல் நிறத்தைப் பார்த்த உடனே மெர்வுக்குக் காரணம் தெரிந்திருக்கும் என்பதையும் சொல்லவில்லை. 'இரும்பு வேண்டாம்' என்ற இரண்டு சொல்லைச் சொல்லியிருந்தால், யார் கை பூசியது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். தன் பெயர் கொஞ்சம் கொஞ்சமாக மங்குவதைப் பார்த்துக்கொண்டே ஒரு மனிதர் இரண்டு வருடம் காலை உணவு சாப்பிட்டிருக்கிறார்.

"ரெக்குக்கு அந்த இறாலைக் குடுத்தது நீங்க."

வால்டா விரிப்பை நீவினாள். "மதுக்கடையில ரெக் சொன்னது உண்மைன்னு எனக்குத் தெரியும். வேற யாரைக் கேட்பேன்? அவன் கடைசியாப் படகு எடுத்த அன்னைக்குச் சாயங்காலம் படகுத் துறைக்குப் போய், இது ஏன் எரிய மாட்டேங்குதுன்னு கேட்டேன். சிரிக்கல அவன். எதால கலக்கறீங்கன்னு கேட்டான், சொன்னேன். யாருக்கும் சொல்ல மாட்டேன்னான். பையில போட்டுக்கிட்டான். இருட்டின அப்புறம் போட்டு, கணவாய் கடிக்குதான்னு பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்னான். காத்து அடிக்குது, போகாதேன்னேன்." அவள் கத்தியை விரிப்பின் ஓரத்துக்கு நகர்த்தினாள். "போயிட்டான்."

"இதை போலீஸ்ல சொல்லியிருந்தா மெர்வ் நேத்தே வீட்டுக்கு வந்திருப்பாரே!" என்றான் கோஸ்டா.

"எந்த மெர்வ்?" என்றாள் வால்டா. "பேரைத் தொலைச்சுட்டு வர்ற மெர்வா? இதைச் சொல்லாம அவரைக் கூட்டிக்கிட்டு வரத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

ஐவி எழுந்தாள். "அப்படி ஒரு வழி இல்லை. கோட்டைப் போட்டுக்குங்க. கோஸ்டா, பட்டறையிலேர்ந்து பூசாத இறால் ஒண்ணு, மெல்லிய பிரஷ் ஒண்ணு, கறுப்புப் பெயிண்ட். எடுத்துக்கோ."

கோஸ்டா அவளைப் பார்த்தான். அவன் முகம் மாறியது. "பாஸ், அது வேண்டாமே."

"எடுத்துக்கோ."

போலீஸ் ஸ்டேஷனில் வால்டா சொல்லி முடிக்கும்வரை லிண்ட்னர் குறிப்பெடுத்தார். பிறகு மெர்வை அழைத்துவரச் சொன்னார். பெரிய உடம்பு, வெள்ளைப் புருவம், ஜாக்கெட் பைக்குள் இரண்டு கை. மனைவியைப் பார்த்தார். மேசைமேல் கிடந்த வெண்ணெய்க் கத்தியைப் பார்த்தார். அதன்பின் அவர் மனைவியைப் பார்க்கவில்லை.

"உங்க இறாலை இவங்கதான் பூசறாங்களாம். ரெக்குக்குக் குடுத்ததும் இவங்கதானாம்," என்றார் லிண்ட்னர்.

"பைத்தியக்காரி," என்றார் மெர்வ். "அவ பிரஷ்ஷைத் தொட்டதே கெடையாது. நான் பூசினது. எழுதிக்கோ."

"அப்ப ரெக் கிட்ட எப்படிப் போச்சு?"

"நான்தான் குடுத்தேன். நான்தான் படகுல போனேன். போதுமா?"

"மெர்வ்!" என்றாள் வால்டா.

லிண்ட்னர் ஐவி பக்கம் திரும்பினார். "புருஷனைக் காப்பாத்தப் பெண்டாட்டி எதுவும் சொல்வா. கத்தியில அவளே பூசியிருக்கலாம். இப்ப அவரே ஒத்துக்கிட்டாரு. நான் யாரை நம்பறது?"

ஐவி பூசாத மர இறாலை மெர்வுக்கு முன்னால் வைத்தாள். கறுப்புப் பெயிண்ட் மூடியைத் திறந்தாள். பிரஷ்ஷை அதன் மேல் குறுக்காக வைத்தாள். தான் செய்வது என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. வேறு வழி எதுவும் தெரியவும் இல்லை.

"கண் மட்டும் போடுங்க மெர்வ். ஒரே ஒரு வட்டம். போட்டுட்டா நான் எழுந்து போயிடறேன், உங்க வாக்குமூலம் நிக்கும்."

அவர் அவளைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இல்லை. வெறுப்பு மட்டுமே இருந்தது. அது ஒருவகையில் அவளுக்கு எளிதாக இருந்தது.

வலது கை வெளியே வந்தது. மேசை விளிம்பில் மணிக்கட்டை அழுத்தி நிறுத்தினார். பிரஷ்ஷை எடுத்தார். பிரஷ் பெயிண்ட் டப்பாவின் வாயில் டக் டக் டக்கென்று தட்டியது. இடது கையும் வெளியே வந்து வலதைப் பிடித்தது. இப்போது இரண்டும் சேர்ந்து நடுங்கின. ஒரு கறுப்புச் சொட்டு இறாலின் மேல் விழுந்தது, இன்னொன்று வாக்குமூலக் காகிதத்தில். நிறுத்தவில்லை அவர். மறுபடி முயன்றார். மறுபடியும்.

"போதும்," என்றார் லிண்ட்னர், எங்கோ பார்த்துக்கொண்டு. "படகு எஞ்சினோட கயித்தையே இந்தக் கை இழுக்காது. வீட்டுக்குப் போங்க மிஸ்டர் பாஸ்கோ. ரெக் காத்துல கால் தவறி, படகு விளிம்புல தலை அடிபட்டுத்தான் விழுந்திருக்கணும்."

வெளியே ஊர்க்காரர் இருவர் நின்று புகைத்துக்கொண்டிருந்தார்கள். மெர்வின் விரல்களில் கறுப்புப் பெயிண்ட். அவர் கையைப் பைக்குள் விட மறந்திருந்தார், அவர்கள் அதைப் பார்த்தார்கள். இருட்டுமுன் மதுக்கடைக்குத் தெரிந்துவிடும்.

வால்டாவின் காரருகே அவர் நின்றார்.

"கத்தியால கலக்கக் கூடாது," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "ஐஸ் குச்சிதான்."

"தெரியும்," என்றாள் வால்டா. "அன்னைக்கு ரெக் சொன்னான்."

முன்கதவின் பிடியில் இருந்த மெர்வின் கை கடகடவென்று ஆடியது. அதை எடுத்துவிட்டு, பின்கதவைத் திறந்து, அவள் இருக்கைக்கு நேர் பின்னால், கண்ணாடியில் முகம் தெரியாத இடத்தில் உட்கார்ந்துகொண்டார். வால்டா காலியான முன்னிருக்கையைப் பார்த்தாள். பிறகு ஏறி வண்டியைக் கிளப்பினாள்.

ஐவி அந்தக் கார் திரும்பி மறையும்வரை பார்த்தாள்.

"ஏதாவது சொல்லு கோஸ்டா."

கோஸ்டா தொண்டையைச் செருமினான்.

"ஒண்ணும் வரல பாஸ்."